பெர்டினாண்ட் வான் முல்லர்

பெர்டினாண்ட் வான் முல்லர் (ஜூன் 30, 1825 – அக்டோபர் 10, 1896) ஜெர்மனியில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்து மறைந்த தாவரவியலாளரும் மருந்தியலாளரும் ஆவார். விக்டோரியா குடியேற்றத்தின் அரசுத் தாவரவியலாளராக 1853 முதல் இறக்கும் வரை 43 ஆண்டுகள் பணியாற்றினார். யூக்கலிப்டஸ் மரங்களை விரிவாக ஆராய்ந்து படங்களுடன் நூலாக வெளியிட்டவர் இவர். அம்மரத்தின் இலையிலிருந்து வடிக்கப்படும் எண்ணெயே தமிழ்நாட்டில் நீலகிரித் தைலம் எனவும் யூக்கலிப்டஸ் தைலம் எனவும் வழங்குகிறது. அது ஒரு தொழிலாக வளர்வதற்குத் தொடக்கத்தில் தூண்டுதல் தந்தவரும் இவரே. யூக்கலிப்டஸ் மரத்தின் ஆவி காய்ச்சலை உண்டாக்கும் நச்சுக் காற்றைத் தூய்மைப்படுத்தும் என இவர் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையில் ஒரு பகுதி சரி, ஒரு பகுதி தவறு என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆனால் அதற்குள் மரம் உலகம் முழுவதும் பரவிவிட்டது.

இவரை மொழியியல் அறிஞர் மாக்ஸ் முல்லருடன் குழப்பிக்கொள்ளலாகாது. இருவரும் ஜெர்மானியர், ஒரே காலத்தவர் என்பதன்றி உறவு எதுவும் இல்லை.

இளமை

முல்லர் பால்டிக் கடற்கரையிலுள்ள ரோஸ்டாக் நகரில் பிறந்தார். தந்தை சுங்கத்துறை அலுவலர். காசநோய் இக்குடும்பத்தை விடாமல் தொடர்ந்தது. முதலில் தந்தை அந்நோயால் இறந்தார். பின்னர்த் தாயும், மூத்த சகோதரியும் அதே நோய்க்குப் பலியாயினர். அக்காலத்தில் காசநோய்க்குக் காரணம் எது என எவருக்கும் தெரியாது. பரம்பரை நோய் என்றும், கெட்ட காற்றினால் வருவது என்றும் மருத்துவர்கள் கருதினர். அதனை உண்டாக்கும் பாக்டீரியாவை ராபர்ட் கோக் கண்டறிந்து அறிவித்தது 1882 ஆம் ஆண்டில்தான். அப்போது முல்லருக்கு வயது ஐம்பத்தாறு.

பதினைந்து வயதில் ஹூசும் என்னும் ஊரில் ஒரு மருந்துக் கடையில் தொழில் பயிலச் சேர்ந்தார். அந்நாளில் மருந்தாளர் என்பவர் புட்டியில் அடைத்து வந்த மருந்தை எடுத்துக் கொடுப்பவர் அல்லர். இலை, பட்டை, வேர் ஆகியவற்றை அடையாளம் காணவும், இடிக்கவும், ஊறவைக்கவும், வாலையில் இட்டு வடிக்கவும் அறிந்திருக்க வேண்டும். நம் நாட்டு மருந்துக் கடைக்காரரின் அறிவும் நவீன வேதியியலும் கலந்த பயிற்சி எனலாம். இப்பயிற்சிதான் இவரது பிற்கால ஆய்வுகள் அனைத்திலும் தென்படுகிறது. ஒரு செடியைக் கண்டால் அதன் பெயர் என்ன என்பதோடு, அதிலிருந்து என்ன எடுக்கலாம் என்றும் கேட்கும் பழக்கம் இவருக்கு அங்கேயே ஏற்பட்டது. பின்னர்க் கீல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1847 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

தாய், தந்தை, சகோதரி மூவரையும் இழந்த நிலையில், எஞ்சிய இரு சகோதரிகளின் உடல்நலம் பற்றிய அச்சம் இருந்தது. வெப்பமான நாட்டிற்குச் செல்வது நல்லது என்ற அறிவுரையை ஏற்று பெர்த்தா, கிளாரா என்னும் அவ்விருவருடன் கப்பலேறி 1847 டிசம்பரில் அடிலெய்டு வந்து சேர்ந்தார். அங்கு ஒரு ஜெர்மானியரின் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் செடி சேகரித்தார். 1849 இல் பிரித்தானியக் குடிமகனானார். ஐரோப்பாவுக்கு அவர் மீண்டும் செல்லவே இல்லை.

அரசுத் தாவரவியலாளர்

1850 களின் தொடக்கத்தில் விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. சுரங்கப் பகுதிகளை நோக்கி மக்கள் திரண்டனர். முல்லரும் அங்கே ஒரு மருந்துக் கடை திறக்கும் எண்ணத்துடன் 1852 இல் மெல்பேர்ண் சென்றார். கடை திறக்கப்படவில்லை. இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்கா இயக்குநர் வில்லியம் ஹூக்கரின் பரிந்துரை இருந்ததால், ஆளுநர் லா திரோப் 1853 ஜனவரியில் இவரை அரசுத் தாவரவியலாளராக நியமித்தார்.

அடுத்த சில ஆண்டுகள் குதிரை மீதே கழிந்தன. விக்டோரியாவின் மலைத்தொடர்களை ஆயிரக்கணக்கான மைல் சுற்றினார். 1855–56 இல் அகஸ்டஸ் கிரெகரி தலைமையில் வட ஆஸ்திரேலியாவைக் குறுக்காகக் கடந்த பயணக் குழுவில் தாவரவியலாளராக இடம்பெற்றார். திரும்பியதும் 1857 இல் மெல்பேர்ண் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் பொறுப்பும் இவரிடம் வந்தது. உலர்செடித் தொகுப்பகம் ஒன்றையும் கட்டியெழுப்பினார். உலகின் எல்லாப் பகுதிகளுக்கும் கடிதம் எழுதுவதும் விதை அனுப்புவதும் இவரது அன்றாட வேலையாயிற்று. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் எழுதினார் என்பது இன்று எஞ்சியுள்ள தொகுப்பிலிருந்தே தெரிகிறது.

ஆஸ்திரேலியாவின் தாவரங்கள் அனைத்தையும் தொகுத்து ஒரு பெருநூல் எழுத வேண்டும் என்பது இவரது பெருவிருப்பம். ஆனால் முந்தைய பயணிகள் சேகரித்த மூல மாதிரிகள் எல்லாம் ஐரோப்பாவில் இருந்தன. அவற்றை நேரில் பாராமல் அந்நூலை எழுத முடியாது. எனவே கியூவில் இருந்த ஜார்ஜ் பெந்தாமிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. பெந்தாம் ஆஸ்திரேலியாவைக் கண்ணால் கண்டதில்லை. முல்லரோ தம் உலர்செடிகளைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்பினார். பெந்தாம் பார்த்துத் திருப்பி அனுப்பினார். 1863 முதல் 1878 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்த அந்நூலின் முகப்பில் ஆசிரியர் பெந்தாம், உதவியவர் முல்லர். களத்தில் அலைந்தவருக்குத் துணையாசிரியர் நிலைகூடக் கிடைக்கவில்லை என்பது வருந்தத்தக்கதே. எனினும் முல்லர் இறுதித் தொகுதி வரை மாதிரிகளை அனுப்புவதை நிறுத்தவில்லை.

பூங்காவை இழத்தல்

முல்லரின் பூங்கா ஓர் ஆய்வுக்கூடமாக இருந்தது. மரங்கள் குடும்பம் குடும்பமாக நடப்பட்டு, பெயர்ப் பலகையுடன் நின்றன. இலையெண்ணெய், காகிதக் கூழ், மரப்பொருள்கள் ஆகியவற்றுக்கான சோதனைகள் நடந்தன. மெல்பேர்ண் மக்களுக்கு வேண்டியிருந்தவை நீரூற்றும், மலர்ப்பாத்தியும், ஞாயிற்றுக்கிழமை உலாவப் புல்தரையும். செய்தித்தாள்களில் குறை கூறல் தொடர்ந்தது. 1873 இல் இயக்குநர் பதவி இவரிடமிருந்து பறிக்கப்பட்டு வில்லியம் கில்ஃபாயில் என்பவரிடம் அளிக்கப்பட்டது. அரசுத் தாவரவியலாளர் பதவியும் ஊதியமும் நீடித்தன. ஆனால் பூங்கா, அதன் ஆய்வுக்கூடம், அங்குள்ள வீடு எதுவும் இல்லை. அதன்பின் அப்பூங்காவில் இவர் காலடி வைக்கவே இல்லை எனக் கூறப்படுகிறது.

கில்ஃபாயில் அமைத்த பூங்கா அழகானது என்பதில் ஐயமில்லை. இன்றும் மெல்பேர்ணின் பெருமைகளுள் ஒன்று. இரண்டு தேவைகளும் நியாயமானவையே. ஆனால் தாவர வேதியியலில் முல்லர் தொடங்கிய சோதனைகள் இடையில் அறுந்துபோயின. அப்பணியைப் பின்னர் சிட்னி நகரத்தார்தான் எடுத்துச் செய்ய வேண்டியதாயிற்று.

யூக்கலிப்டஸ் ஆய்வு

யூக்கலிப்டஸ் என்னும் பெயரை 1788 இல் இட்டவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே. நன்கு மூடப்பட்டது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பூமொட்டு ஒரு மூடியால் மூடப்பட்டிருக்கும். மலரும்போது அம்மூடி கழன்று விழும். இன்று எழுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை ஆதலின் பிரித்தறிவது கடினம். இளமரத்தின் இலை ஒரு வடிவிலும், முதிர்ந்த மரத்தின் இலை வேறு வடிவிலும் இருப்பது மேலும் ஒரு சிக்கல்.

முல்லர் தொடக்கத்தில் பட்டையை வைத்து வகைப்படுத்தும் முறை ஒன்றை முன்வைத்தார். பட்டை வழுவழுப்பானதா, பாதி மட்டும் சொரசொரப்பானதா, நார் நாராக உரிவதா, ஆழமாக வெடித்திருப்பதா என்பது காட்டில் நிற்பவருக்குப் பயன்படும் முறை. கியூவில் உலர்ந்த தாள்களை வைத்துப் பார்ப்பவருக்கு அது பயன்படாது. தாளில் பட்டை இராது. பெந்தாம் மகரந்தப் பைகளின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டார். முல்லரும் பின்னாளில் அதனை ஏற்றார். 1879 முதல் 1884 வரை பத்துப் பகுதிகளாக, நூறு இனங்களின் படங்களுடன் யூக்கலிப்டஸ் நூலை வெளியிட்டார். உலகில் பூக்கும் தாவரங்களுள் மிக உயரமானதான மலைச் சாம்பல்மரத்துக்கு 1871 இல் அறிவியற்பெயர் இட்டவரும் இவரே.

தைலம் வடித்தல்

இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிறு சிறு புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். இவ்வெண்ணெயை முதலில் வடித்த ஐரோப்பியர் முல்லர் அல்லர். 1788 இல் சிட்னிக்கு முதற் குடியேறிகளுடன் வந்த அறுவை மருத்துவர் ஜான் ஒயிட் சிறிதளவு வடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதற்கும் முன்னரே ஆஸ்திரேலியப் பழங்குடியினர் இவ்விலைகளைக் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் பயன்படுத்தி வந்தனர். ஒயிட்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் எவரும் அதனைப் பெரிதாகக் கருதவில்லை.

முல்லர் கருதினார். மெல்பேர்ணை அடுத்த ரிச்மண்டில் மருந்துக் கடை வைத்திருந்த ஜோசப் பொசிஸ்டோ என்பவரிடம் இம்மரங்களின் எண்ணெயைச் சோதிக்குமாறு ஊக்குவித்தார். இருவரும் மருந்தாளர்கள் ஆதலின் பேச்சு எளிதாயிற்று. பொசிஸ்டோ 1850 களின் முற்பகுதியில் டாண்டெனாங் ஓடைக்கரையில் ஒரு வாலையை நிறுவினார். சில ஆண்டுகளில் அது ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஆஸ்திரேலியா உலகுக்கு விற்ற முதல் காட்டுப் பொருள்களுள் இதுவும் ஒன்று.

வடிக்கும் முறை எளியது. இலைகளைக் கொப்பரையில் இட்டு நீருடன் கொதிக்க வைப்பர், அல்லது இலையினூடே நீராவியைச் செலுத்துவர். எண்ணெயின் முக்கியக் கூறு 176 பாகை செல்சியசுக்கு மேல்தான் கொதிக்கும். எனினும் நீருடன் கலவாத நீர்மம் நீருடன் சேர்ந்து கொதிக்கும்போது இரண்டின் ஆவியழுத்தமும் கூடுவதால் கலவை நூறு பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவியைக் குழாய் வழியே குளிர வைத்தால் நீரும் எண்ணெயும் தனித்தனியே பிரியும். எண்ணெய் மேலே மிதக்கும். இயற்பியல் பாடத்தில் படிக்கும் பகுதியழுத்த விதியை எழுத்தறியாத தொழிலாளரும் நாள்தோறும் பயன்படுத்துகின்றனர்.

காய்ச்சல் மரம்

மலேரியா என்னும் சொல்லுக்குக் கெட்ட காற்று என்பதே பொருள். சதுப்பு நிலங்களில் அழுகும் பொருள்களிலிருந்து எழும் நச்சாவியே முறைக்காய்ச்சலுக்குக் காரணம் என 19 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ உலகம் நம்பியது. அக்கொள்கையின்படி பார்த்தால் யூக்கலிப்டஸ் இரு வழிகளில் மருந்தாகும். விரைவாக வளர்ந்து நீரை உறிஞ்சிச் சதுப்பை வற்றச் செய்யும். இலையின் ஆவியோ காற்றின் நச்சை முறிக்கும்.

முல்லர் இரண்டையும் நம்பினார். பேசினார், எழுதினார், விதைகளை அனுப்பினார். 1850 களில் மெல்பேர்ணுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் புரோஸ்பர் ராமெல் பூங்காவில் நீலப்பசை மரத்தைக் கண்டு வியந்து, முல்லரிடம் விதை பெற்றுப் பாரிசுக்கும் அல்ஜீரியாவுக்கும் கொண்டுசேர்த்தார். ரோம் நகருக்கு வெளியே திரே பொன்தானே மடத்தின் துறவிகள் காய்ச்சல் நிறைந்த தம் நிலத்தில் ஆயிரக்கணக்கில் நட்டனர். தென்னாப்பிரிக்கா, கலிபோர்னியா, இந்தியா எனப் பட்டியல் நீண்டது. பொசிஸ்டோ 1870 களில் ஆஸ்திரேலியக் காடுகள் காற்றில் எவ்வளவு எண்ணெயை வெளிவிடுகின்றன என்று கணக்கிட்டுக் காட்டவும் முயன்றார்.

மூன்று உறவினரைக் காசநோய்க்குக் கொடுத்த ஒருவர், காற்றைத் தூய்மையாக்கும் மரம் ஒன்று உண்டு என நம்பியதில் வியப்பில்லை. அது வெறும் விளம்பரம் அன்று.

ஆனால் மரங்கள் வளர்ந்து நின்ற இடங்களிலும் காய்ச்சல் வந்தது. திரே பொன்தானே மடத்திலும் வந்தது. 1880 இல் அல்ஜீரியாவில் பணிபுரிந்த பிரெஞ்சுப் படை மருத்துவர் லாவெரான் நோயாளியின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அவ்வொட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். முல்லர் இறந்து பத்து மாதங்களே ஆகியிருந்தன. காற்று குற்றவாளி அன்று. சதுப்பு வற்றினால் கொசு முட்டையிட இடம் குறையும் என்ற அளவில் மட்டுமே மரத்துக்குப் பங்கு இருந்தது, மணத்துக்கு அன்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எலுமிச்சை மணமுள்ள யூக்கலிப்டஸ் வகையின் எண்ணெயிலிருந்து பெறப்படும் ஒரு டையால் சேர்மம், தோலில் பூசினால் கொசுவைச் சில மணி நேரம் அண்டவிடுவதில்லை என்பது 20 ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது. முல்லர் தேடியது அவர் நினைத்த இடத்தில் இல்லை. வேறொரு கிளையில் இருந்தது.

இறுதிக்காலம்

முல்லர் திருமணம் செய்துகொள்ளவில்லை. இருமுறை நிச்சயிக்கப்பட்டும் நடைபெறவில்லை. ஊதியத்தின் பெரும்பகுதி நூல்களுக்கும், செடி சேகரிப்போருக்கும், பயணக் குழுக்களுக்கும் சென்றது. 1861 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1871 இல் வூர்ட்டெம்பர்க் மன்னர் பரம்பரைப் பிரபுப் பட்டம் அளித்தார்.  1879 இல் சர் பட்டம், 1888 இல் அரச பதக்கம். இத்தனைக்கும் இவர் மிகவும் விரும்பியது இழந்த பூங்காவையே என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். 1896 அக்டோபர் 10 அன்று மெல்பேர்ணில் காலமானார். செயின்ட் கில்டா கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

எண்ணெயின் வேதியியல்

தைலம் என்பதையும் எண்ணெய் என்பதையும் சமையல் எண்ணெயோடு ஒப்பிடலாகாது. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கொழுப்பமிலங்களால் ஆனவை. தாளில் ஒரு சொட்டு விட்டால் கறை நிற்கும். யூக்கலிப்டஸ் எண்ணெய் பறந்துவிடும். இத்தகையவற்றை ஆவியாகும் எண்ணெய் அல்லது நறுமண எண்ணெய் என்பர். அவற்றின் பெரும்பகுதி டெர்ப்பீன்கள் என்னும் சேர்மங்கள். ஐந்து கரிம அணுக்கள் கொண்ட ஐசோப்ரீன் அலகுகளால் கட்டப்பட்டவை.

முல்லர் காலத்திலேயே இவ்வாய்வு தொடங்கிவிட்டது. 1870 இல் பிரெஞ்சு வேதியியலாளர் குளோயெஸ் நீலப்பசை மர எண்ணெயின் முதன்மைக் கூற்றைப் பிரித்து யூக்கலிப்டால் எனப் பெயரிட்டார். 1880 களில் ஜெர்மனியில் ஓட்டோ வாலாக் டெர்ப்பீன்களை ஒழுங்குபடுத்தும் பெரும் பணியில் ஈடுபட்டிருந்தார். அதற்காகவே 1910 இல் நோபல் பரிசு பெற்றார். வேறொரு செடியிலிருந்து கிடைத்த சினியோல் என்பதும் யூக்கலிப்டாலும் ஒன்றே என அப்போது தெரிந்தது. அதன் மூலக்கூறில் பத்துக் கரிம அணுக்கள், பதினெட்டு ஹைட்ரஜன் அணுக்கள், ஓர் ஆக்சிஜன் அணு உள்ளன. ஆக்சிஜன் அணு வளையத்தின் இரு கரிமங்களுக்கிடையே பாலம்போல் நிற்கிறது.

மருந்துக்குரிய யூக்கலிப்டஸ் எண்ணெயில் சினியோல் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என மருந்து நூல்கள் வரையறுக்கின்றன. நீலகிரியில் வளரும் நீலப்பசை மரத்தில் அது பொதுவாக 60 முதல் 85 விழுக்காடு வரை இருக்கும். ஆல்ஃபா பைனீன், லிமோனீன், சைமீன், டெர்ப்பினியோல் முதலியன எஞ்சிய பகுதி. ஆனால் எல்லா யூக்கலிப்டசும் ஒன்றல்ல. எலுமிச்சை மண வகையில் சிட்ரோனெல்லால் மிகுதி. சினியோல் மிகக் குறைவு. வேறு சிலவற்றில் பைப்பரிட்டோன், பெல்லாண்ட்ரீன் முதன்மை பெறும். சிட்னியில் பேக்கர், சுமித் ஆகிய இருவரும் இனம் இனமாக எண்ணெய் வடித்து 1902 இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை. முல்லர் இழந்த ஆய்வுக்கூடத்தின் பணி அங்கே நிறைவேறியது எனலாம்.

நுண்ணுயிர்க்கொல்லித் திறன்

அறுவைச் சிகிச்சையில் கிருமி நீக்கத்தைப் புகுத்திய ஜோசப் லிஸ்டர் 1880 களின் தொடக்கத்தில் கார்பாலிக் அமிலத்துக்கு மாற்றாக யூக்கலிப்டஸ் எண்ணெய் ஊட்டிய கட்டுத்துணியைச் சோதித்துப் பயன்படுத்தினார். முல்லரின் நம்பிக்கையில் சரியாக அமைந்த பகுதி இதுவே. காற்றில் அன்று, நேரடியாகப் படும்போது இவ்வெண்ணெய் பல நுண்ணுயிர்களைக் கொல்கிறது அல்லது வளரவிடாமல் தடுக்கிறது.

டெர்ப்பீன்கள் நீரை விரும்பாதவை, கொழுப்பில் கரைபவை. பாக்டீரியாவின் உயிரணுச் சவ்வும் கொழுப்புப் படலமே. ஆகவே எண்ணெய் மூலக்கூறுகள் அச்சவ்வுக்குள் புகுந்து அதன் ஒழுங்கைக் குலைக்கின்றன. உள்ளிருக்கும் அயனிகள் கசிகின்றன; உயிரணு ஆற்றலை இழக்கிறது. சீழ் உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிராம்-நேர் பாக்டீரியாக்கள் எளிதில் பாதிக்கப்படும். கிராம்-எதிர் வகையினவற்றுக்கு வெளியே மேலும் ஓர் உறை இருப்பதால் அவை தாங்கிக்கொள்ளும். சூடோமோனாஸ் அவற்றுள் பெரும்பாலும் அசையாதது.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதனை எளிதாகக் காணலாம். அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, எண்ணெயில் நனைத்த சிறு தாள்வில்லையை வைத்து ஓரிரவு விட்டால், வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் தோன்றும். வட்டத்தின் விட்டத்தை அளந்து ஒப்பிடுவர். ஆனால் ஆவியாகும் எண்ணெய்க்கு இம்முறை முழு நம்பிக்கைக்குரியதன்று. எண்ணெய் அகாரில் சரியாகப் பரவாது, பாதி பறந்துவிடும். எனவே குழம்பில் கலந்து, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் காண்பது மேலான முறை.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சினியோல் மிகுந்த எண்ணெயே கிருமிகளை அதிகம் கொல்லும் என்பதில்லை. தனிச் சினியோலின் திறன் நடுத்தரமானதே. சிறிதளவே இருக்கும் டெர்ப்பினியோல் போன்ற ஆல்ககால்கள் வலியவை. பல கூறுகள் சேர்ந்து இயங்கும்போது விளைவு கூடுவதும் உண்டு. ஒரே இன மரமாயினும் மண், பருவம், இலையின் வயது ஆகியவற்றால் கலவை மாறும். கட்டுரைக்குக் கட்டுரை முடிவுகள் வேறுபடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

தட்டில் கொல்வது உடலுக்குள்ளும் கொல்லும் என்றும் கொள்ளலாகாது. குற்றாலச் சாரலில் நனைந்து சளி பிடித்தவர் வெந்நீரில் சில சொட்டுத் தைலம் விட்டு ஆவி பிடித்தால் மூக்கு திறந்த உணர்வு ஏற்படும். சினியோல் சளியை இளக்கும் தன்மையும் உடையது. நோயை உண்டாக்கிய வைரசை அது ஒழிப்பதில்லை. குடித்தால் இது நஞ்சு. சிறு குழந்தைகளுக்குச் சில மில்லிலிட்டர் அளவே வலிப்பையும் நினைவிழப்பையும் உண்டாக்கக்கூடும். புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பது கட்டாயம்.

நீலகிரியில் யூக்கலிப்டஸ்

நீலகிரிக்கு இம்மரம் வந்தது முல்லர் ஆஸ்திரேலியாவில் கால்வைப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர். 1843 இல் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன் இதனைக் குன்னூர்ப் பகுதியில் நட்டார். உதகையிலும் வெலிங்டன் படைக் குடியிருப்பிலும் விறகுக்காகச் சோலைக்காடுகள் வெட்டப்பட்டு வந்தன. விரைவில் வளரும் மரம் ஒன்று தேவைப்பட்டது. 1850, 60 களில் அரசே தோட்டங்கள் அமைத்தது. முல்லரின் பங்கு அதற்குப் பின்னர், நூல்கள் வழியாக வந்தது. அயல்நாடுகளில் வளர்க்கத்தக்க பயன்தரு தாவரங்கள் பற்றிய இவரது கையேட்டின் இந்தியப் பதிப்பு 1880 இல் கல்கத்தாவில் வெளியானது. விந்தை என்னவெனில், மலேரியாவுக்கு உண்மையான மருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனா மரமும் அதே காலத்தில் அதே மலையில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நடப்பட்டு வளர்ந்துகொண்டிருந்தது.

நீலப்பசை மரத்தால் நீலகிரிக்குப் பெயர் வந்தது எனச் சிலர் எண்ணுவதுண்டு. பெயர் மரத்தினும் பல நூற்றாண்டுகள் பழையது. மரத்தின் எண்ணெய்தான் மலையின் பெயரைப் பெற்றது. உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் உதிர்ந்த இலையையும் கழித்த கிளையிலையையும் சேகரித்துக் கொட்டகைகளில் தைலம் காய்ச்சுவது சிறுதொழிலாக நிலைத்தது. வடித்து முடிந்த இலையே காய்ந்தபின் அடுப்புக்கு எரிபொருள். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ எண்ணெய் என்பது தோராயக் கணக்கு. சீனாவிலிருந்து வரும் மலிவான எண்ணெய் இத்தொழிலுக்குப் பெரும் போட்டியாக உள்ளது.

இதற்கு மலை கொடுத்த விலை உண்டு. விடுதலைக்குப் பின் ரேயான் ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டித் தோட்டங்கள் மேலும் விரிந்தன. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் மறைந்தன. சதுப்பை வற்றச் செய்யும் என முல்லர் போற்றிய அதே பண்பு இங்கே ஓடைகளை இளைக்கச் செய்தது. உதகையிலுள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு நிலையம் கிளென்மார்கனில் அருகருகே உள்ள இரு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டது. புல்வெளியின் ஒரு பகுதியில் நீலப்பசை மரம் நட்டதும் முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து 16 விழுக்காடும், வெட்டியபின் மறுதழைப்பில் ஏறத்தாழ 25 விழுக்காடும் குறைந்தன. தமிழ்நாடு அரசு 2022 இல் வெளியிட்ட அயல் ஆக்கிரமிப்புத் தாவரக் கொள்கைக்குப் பின் இத்தகைய தோட்டங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்கும் பணி முனைப்புப் பெற்றது. தைலம் காய்ச்சிப் பிழைப்போர் என்ன செய்வர் என்பதும் அதனுடன் சேர்ந்து எழும் கேள்வி.

முல்லர் காடழிப்பை எதிர்த்தவர். 1871 இல் மெல்பேர்ணில் காடு வளர்ப்பைப் பற்றி ஆற்றிய உரையில் விக்டோரியாவின் காடுகளைக் காக்க வலியுறுத்தினார். எனினும் ஓர் ஊரின் மரத்தை மற்றோர் ஊரில் நடுவதால் தீங்கு நேரலாம் என்ற எண்ணம் அவர் காலத்தில் அரிது. தம் பயணங்களில் அவர் பரிந்துரைத்துத் தூவிய பிளாக்பெர்ரிப் புதர் விக்டோரியாவில் இன்று ஒழிக்க இயலாத களையாக உள்ளது.

பெயரீடுகள்

நியூசிலாந்தில் குக் மலையை அடுத்த பனியாறு ஒன்று முல்லரின் பெயரைத் தாங்கியுள்ளது. விக்டோரியா தாவரவியல் பூங்காவின் ஆய்விதழ் 1955 முதல் முல்லேரியா என்னும் பெயரில் வெளிவருகிறது. நடு ஆஸ்திரேலியாவிலுள்ள ஓல்கா மலைக்கு, பயணி எர்னஸ்ட் கைல்ஸ் முல்லரின் பெயரையே இட எண்ணியதாகவும், வூர்ட்டெம்பர்க் அரசி ஓல்காவின் பெயரை இடுமாறு முல்லர் கேட்டுக்கொண்டதாகவும் கூறுவர். தாவரங்களின் அறிவியற்பெயருக்குப் பின்னால் எஃப்.மியூல். என்னும் குறுக்கம் வருமாயின் அப்பெயரை இட்டவர் இவர் என அறியலாம். கடைகளில் விற்கும் மக்கடேமியா கொட்டையின் பேரினப் பெயரும் அவற்றுள் ஒன்று. 1857 இல் தம் நண்பர் ஜான் மக்கடாமின் நினைவாக முல்லர் இட்டது.